சாட்சிக் கூண்டில் ஓர் ஈரல்

கள்ளக்குறிச்சியில் இப்போது பணிபுரியும் இளம் மருத்துவர்கள் சிலர் அண்மையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொழுப்பு படிந்த ஈரலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் இனி உறக்கம், மனநிலை, வாழ்வில் நாட்டம் ஆகியவை பற்றியும் கேட்பதென்று தங்கள் பிரிவில் முடிவு செய்திருக்கிறார்களாம். ஈரலின் கொழுப்பும் மனத்தின் சோர்வும் ஒன்றையொன்று வளர்த்துக்கொள்ளும் என்பது இன்று அவர்களுக்குப் பாடம்.

"உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் பார்த்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

எங்கள் காலத்தில் ஈரல் வயிற்றின் வலப்பக்கத்தில் இருந்தது, மனம் வேறு துறையில் இருந்தது என்றேன். சிரித்தார்கள். ஓய்வுபெற்றவனின் நகைச்சுவைக்குச் சிரிப்பது நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் அடையாளம்.

பேச்சினிடையே என் ஸ்கேன் முடிவையும் பார்த்தார்கள். சென்ற ஆண்டு என் மனைவி காலமான பிறகு, ரொட்டியும் ஜாமுமே இரவு உணவு என்று ஆகிவிட்ட ஒரு வீட்டின் தலைவனுக்கு என்ன ஈரல் வாய்க்குமோ அதுவே எனக்கும் வாய்த்திருக்கிறது. "மனசு எப்படி சார் இருக்கு?" என்று அவர்களுள் ஒரு பெண் மருத்துவர் புதிய வழக்கத்தின்படி கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். கேள்வி சரியானதுதான். விடையைச் சரிபார்க்கும் வழியையும் அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் நல்லது.

அவர்கள் கேட்டுக்கொண்டபடி, இந்தப் பாடத்தை நான் பாடப்புத்தகத்துக்கு வெளியே கற்ற கதையை எழுதுகிறேன்.

சென்னையில் படித்தேன், பொது மருத்துவத்தில் தங்கப் பதக்கம் பெற்றேன். அதன் பிறகு என் பணிவாழ்வில் நிகழ்ந்தவற்றுள் பல, அந்தப் பதக்கத்தின் எடையைச் சிறிது சிறிதாகக் குறைத்த நிகழ்ச்சிகளே. முதலில் கல்வராயன் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் இருந்தேன். அங்கே என் தமிழ் எவருக்கும் புரியவில்லை. என் மருந்து சிலருக்குப் புரிந்தது. பிறகு மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு வந்தேன். எண்பதுகளின் பிற்பகுதி அது. இட ஒதுக்கீட்டுப் போராட்டங்களால் வட மாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம்.

அங்கே தலைமை மருத்துவராக இருந்தவரை எல்லோரும் 'பெரிய டாக்டர்' என்றே அழைப்பார்கள். பதவியால் மட்டுமல்ல, தோள், கழுத்து, குரல் யாவற்றாலும் அவர் பெரியவர். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "என்னப்பா தங்கப் பதக்கம், சாப்பிட்டாச்சா?" என்பார். மருந்தாளுநர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அந்தப் பெயரே நிலைத்தது. சிலர் என் உண்மைப் பெயரை அறியாமலே ஓய்வுபெற்றிருக்கக்கூடும்.

அவர் ஈரலைத் தொட்டுப் பார்க்கும் முறை தனிச்சிறப்பானது. தேநீர்க் குவளை ஒன்றை இரு கைகளாலும் பற்றியபடி படுக்கையருகே வந்து நிற்பார். உள்ளங்கை வெதுவெதுப்பாகும் வரை குவளையை விடமாட்டார். குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடும். இறுகிய வயிற்றில் யானையே இருந்தாலும் தெரியாது என்பார். நோயாளியை முழங்கால் மடக்கிப் படுக்கச் செய்து, வலது இடுப்புக்கு அருகே கையைத் தட்டையாக வைத்து, "மூச்ச இழு… வுடு" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு மூச்சுக்கும் சற்றே மேலேறுவார். அப்போது அவர் நோயாளியைப் பார்க்கமாட்டார், மின்விசிறியைப் பார்ப்பார். ஈரலின் விளிம்பு தட்டுப்பட்டதும் அங்கிருந்து விலா எலும்பு வரை விரல்களை அடுக்கி, இரண்டு விரல், மூன்று விரல் என்று அறிவிப்பார். அளவுகோல் ஒன்று அவருடைய மேசை இழுப்பறைக்குள் இருந்தது. கடிதத்தாளில் கோடு போடப் பயன்பட்டது. விரலால் அளப்பதையே என் பேராசிரியர்களும் கற்பித்திருந்ததால் நானும் அதில் குறை காணவில்லை.

அந்த நாள்களில்தான் நைனார்பாளையத்திலிருந்து கோவிந்தன் வந்தார். நாற்பதை நெருங்கிய மரவள்ளி விவசாயி. உடன் மனைவி அஞ்சலை. வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்பதே அவர் சொன்ன குறை. மீதியை அஞ்சலை சொன்னார்.

"குடிக்கிறாரு சார்."

"இல்ல சார்" என்றார் கோவிந்தன். வலது மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். நிறம் மங்கிய கயிறு ஒன்று அதில் இருந்தது.

அந்தக் கயிறு இப்பகுதியில் அனைவரும் அறிந்ததே. குடியை விட நினைப்பவர்கள் மலையடிவாரத்து முனீஸ்வரன் கோயிலில் பூசாரி கையால் கட்டிக்கொள்வது. கயிற்றோடு குடித்தால் கேடு குடித்தவனுக்கு வராது, அவன் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. மலையிலிருந்து சாராயம் இறங்கிய அதே பாதையில்தான் அந்தக் கோயிலும் இருந்தது. கோவிந்தன் முன்பு பெருங்குடியர். கயிறு கட்டி ஓர் ஆண்டு கடந்துவிட்டதாகச் சொன்னார்.

"முன்ன ரெண்டு தபா எம் பொண்ணு தலைல அடிச்சி சத்தியம் பண்ணிட்டு, மூணாம் நாளே குடிச்சிட்டு வந்த ஆளு சார் இது" என்றார் அஞ்சலை. "இப்பவும் அதே மொகரதான். ராத்திரில தூங்கறதில்ல. பகல்ல செவுத்தப் பாத்துக்கினு குந்தியிருக்காரு. ஒரு வார்த்த பேசறதில்ல. வயிறு வேற எப்படி ஊதிப்போச்சு பாருங்க. குடிக்காத மனுசன் எதுக்கு சார் இப்படி இருக்கணும்?"

இன்றைய மாணவர் ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால், மனச்சோர்வின் அறிகுறிகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாரே இந்தப் பெண் என்று வியந்திருப்பார். தங்கப் பதக்கமோ அதைக் குடியின் அறிகுறிகளாகக் கேட்டுக்கொண்டது. குடிக்காதவர்க்கும் ஈரலில் கொழுப்பு படியலாம் என்ற செய்தி அப்போது பாடப்புத்தகத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. தேர்வில் கேட்கமாட்டார்கள் என்பதால் நான் ஓரங்களைப் படித்ததில்லை.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஈரல் விலாவுக்குக் கீழே நான்கு விரல் வீங்கியிருந்தது. அப்படியே எழுதினேன். பெரிய டாக்டர் அன்று தொட்டுப் பார்க்கவில்லை. என் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தீர்வு சொன்னார்.

"குடிச்சு வீங்கின ஈரல், குடிய விட்டா இறங்கும். இங்கயே படுக்க வை. ஒரு சொட்டு உள்ள போகாம நாம பார்த்துக்கலாம். ஈரல் இறங்குச்சுன்னா இவர் இத்தனை நாளும் குடிச்சிருக்கார்னு அர்த்தம். இறங்கலன்னா முனீஸ்வரன்கிட்ட நான் போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"அப்படியே பண்ணுங்க சார்" என்றார் அஞ்சலை. "குடிச்சிருக்காருன்னு தெரிஞ்சா நான் பொண்ண இட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அந்தக் கயிறு எம் பொண்ணக் கேக்கும் சார். நான் இருக்க மாட்டேன்."

உடல் தேறினால் குற்றவாளி, தேறாவிட்டால் நிரபராதி என்ற சட்டத்தின் கீழ் ஒரு நோயாளியைப் படுக்க வைத்திருக்கிறோம் என்பதைக் கற்றறிந்த நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கவனித்தார்கள். கோவிந்தனின் ஈரலின்மேல் பீடிக்கட்டுகளைப் பந்தயம் வைத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரே ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு திருநாவலூருக்குப் போனேன். எனக்குப் புதிதாகத் திருமணம் ஆகியிருந்தது. மனைவி சரோஜா தாய்வீட்டில் இருந்தாள். மறுநாள் காலை சாலை மறியல் தொடங்கிவிட்டது. நெடுஞ்சாலை நெடுகிலும் புளியமரங்கள் குறுக்கே சாய்க்கப்பட்டன, பேருந்துகள் நின்றன. அந்தப் போராட்டத்தின் நியாயத்தையும் அதன் துயரங்களையும் எழுதத் தகுதியுடையவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது மாமனார் வீட்டில் ஒரு வாரத்துக்குமேல் சிறைவாசமாக வாய்த்தது. அவ்வளவு நீண்ட நேரம் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் ஒரே கூரையின் கீழ் விழித்திருந்தது, அதன் பிறகு அவளுடைய கடைசி நோயின்போதுதான்.

அந்த ஒரு வாரமும் நான் என் மனைவியிடம் பேசியது கோவிந்தனின் ஈரலைப் பற்றி. புது மாப்பிள்ளைகள் வேறு எதையாவது பேசுவார்கள் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். ஒருநாள் என் கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"இது இன்னா விரலு, இவ்ளோ சன்னமா? உங்க மோதிரம் எனக்கு லூசா இருக்கும்னு பாத்தா, நடுவிரல்ல ஏறவே மாட்டேங்குது. நாலு விரலு நாலு விரலுன்னு பெருமை வேற."

மாமியார் சமையலறையில் சிரிப்பை அடக்கிய ஓசை கேட்டது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மரங்கள் முழுவதும் அகற்றப்படும் வரை காத்திருக்காமல், மைத்துனனின் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். சாய்ந்த மரம் வந்தபோதெல்லாம் நான் வண்டியைத் தூக்கிக் கடக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் போராட்டக்காரர்களே வண்டியை ஒரு கை பிடித்துக் கொடுத்தார்கள். "டாக்டரா? ஜாக்கிரதையா போங்க சார், வளைவுல இன்னும் பெரிய மரம் கெடக்குது" என்று, அந்த மரத்தை வெட்டியவருக்குரிய துல்லியத்தோடு ஒருவர் எச்சரித்தார்.

மருத்துவமனையில் தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது. நான் இல்லாத நாள்களில் பெரிய டாக்டரே கோவிந்தனைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று விரல். நான்கு, மூன்றாகியிருக்கிறது. ஈரல் இறங்கிவிட்டது, ஆகவே கோவிந்தன் குடித்திருக்கிறார். பீடிக்கட்டுகள் கைமாறின.

அஞ்சலை அன்றே தாய்வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார். பேருந்து இல்லாததால் போக முடியவில்லை. கணவனுக்கு முதுகைக் காட்டியபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கோவிந்தன் கஞ்சியைத் தொடவில்லை. முந்தைய நாள் மாலை ஆளைக் காணாமல் தேடி, மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த கிணற்றடியிலிருந்து காவலாளி அழைத்து வந்தாராம். அங்கே என்ன செய்தீர் என்று கேட்டதற்கு, "தண்ணி எவ்ளோ கெடக்குன்னு பாத்தேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

என்ன செய்வதென்று தெரியாத மருத்துவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: மறுபடியும் நோயாளியைப் பரிசோதித்தேன். மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, விளிம்பைக் கண்டு, விரல்களை அடுக்கினேன். நான்கு. இன்னொரு முறை பார்த்தேன். நான்குதான். ஈரல் நூலளவும் இறங்கவில்லை.

சன்னமான என் விரல்களை அவருடைய வயிற்றின்மேல் வைத்தபடி சற்று நேரம் நின்றேன். திருநாவலூரில் கிடைத்த கேலி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தம் மேலதிகாரியிடம் சென்று, ஐயா தங்கள் விரல்கள் தடிமனானவை என்று சொல்வதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பயிற்சி தருவதில்லை. உடற்கூறு, அளவியல், மாறுபாடு ஆகிய சொற்களைக் கோத்து நீண்ட வாக்கியம் ஒன்றை அமைத்துக்கொண்டு போனேன். பாதியிலேயே அவர் குறுக்கிட்டார்.

"என் விரல் தடின்னு சொல்ல வர்ற. அதானே?"

"ஆமாம் சார்."

கையிலிருந்த குவளையை வைத்தார். தம் கையை மேசைமேல் விரித்து, என் கையையும் அருகே வைக்கச் சொன்னார். அவருடைய மூன்று விரல்களுக்குப் பக்கத்தில் என்னுடைய நான்கும் அடக்கமாகப் பொருந்தின. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அளவுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வார்டில் எல்லோரும் பார்க்க, கோவிந்தனின் வயிற்றில் அவரும் தொட்டுப் பார்த்தார், நானும் தொட்டுப் பார்த்தேன். இரு முறையும் ஈரலின் விளிம்பு நின்ற இடத்தில் பேனாவால் குறியிட்டார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். இரு குறிகளும் ஒரே கோட்டில் இருந்தன. அஞ்சலையை உள்ளே கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. இவன் விரல் முருங்கைக்காய், என் விரல் வாழைக்காய். முருங்கைக்காயால அளந்தா நாலு; வாழைக்காயால அளந்தா மூணு. ஈரல் இறங்கவே இல்ல. தப்பு உன் புருசன்மேல இல்ல, எங்கமேல."

பீடிக்கட்டுகளை இழந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "அப்ப நீ குடிக்கலியாய்யா?" என்றார். வழக்கு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீதி கிடைத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று எண்ணுகிற வயது.

கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"ஈரலு சொன்னா நம்புறா சார். நான் சொன்னப்ப நம்பல."

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மின்விசிறி இருவருக்கும் உதவவில்லை. மனநல மருத்துவர் பல ஊர்களுக்கு அப்பால் இருந்தார். சாலையோ மரங்களுக்கு அடியில் இருந்தது. நானே தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தில் இருந்தபடி கேட்டேன்: "தங்களுக்கு வாழ்வில் நாட்டமின்மை உண்டா?"

"அப்படின்னா இன்னா சார்?" என்றார் கோவிந்தன்.

"நகருப்பா" என்று என்னை விலக்கிவிட்டுப் பெரிய டாக்டர் கட்டிலிலேயே உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "சாயங்காலம் ஆனா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

கோவிந்தன் சுவரிலிருந்து திரும்பினார். "அதான் சார் தெரியல. முன்ன சாயங்காலம் ஆனா போறதுக்கு ஒரு எடம் இருந்துச்சு. நாலு பேரு இருந்தாங்க. கயிறு கட்டனதும் அவனுங்க என்னக் கண்டா அந்தாண்ட போயிடறானுங்க. வூட்டுல இவ மோந்து பாக்கறா. வாய் நமநமன்னுக்கினே இருக்குது. வெல்லத்த ஒடச்சி ஒடச்சித் துன்றேன். டீல பாதி சக்கர. துன்னுட்டுக் குந்தியிருக்கேன். பொழுது போறதில்ல சார். பொழுது இருட்டறப்ப எங்க போயி நிக்கறதுன்னு தெரியல."

அவருடைய ஈரலின் வரலாறும் மனத்தின் வரலாறும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. குடியை விட்டதனால் தனிமை, தனிமையால் வெல்லம், வெல்லத்தால் ஈரல், ஈரலால் பழி, பழியால் கிணற்றடி. வலது விலாவில் பாரம் என்று அவர் வந்தது, அந்தப் பாரத்தைச் சொல்ல வேறு இடம் தெரியாததால்தான்.

மனச்சோர்வுக்கான மாத்திரை மருந்தறையில் கொஞ்சம் இருந்தது, அதைத் தொடங்கினோம். தனியாக விடக்கூடாது என்று அஞ்சலையிடம் சொன்னோம். வெல்லம், சர்க்கரையை நிறுத்தினோம். "தினமும் சாயங்காலம், பொழுது சாயற நேரத்துக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நடை போய்ட்டு வாங்க" என்றார் பெரிய டாக்டர். மாத்திரைக்கு மறுப்புச் சொல்லாத அஞ்சலை இதற்கு மறுத்தார்.

"ஒரு வேலையும் இல்லாம புருசன் பொண்டாட்டி ஊருக்குள்ள ஜோடியா நடக்கறதா? வெக்கக்கேடு சார். ஊரே சிரிக்கும்."

"அப்ப ஒரு வேலைய உண்டாக்கிக்க."

அஞ்சலை யோசித்தார். "ஆடு தேடறோம்னு சொல்லலாம்" என்றார்.

பேருந்து ஓடத் தொடங்கியதும் கோவிந்தனைப் புதுச்சேரிக்கு ஸ்கேனுக்கு அனுப்பினோம். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, மதுப்பழக்கம் உண்டா என விசாரிக்கவும் என்று எழுதி அனுப்பினார்கள். "விசாரிச்சாச்சு" என்று சொல்லிப் பெரிய டாக்டர் தாளை மடித்து வைத்தார். பிறகு மலையடிவாரத்துக்குப் போய் முனீஸ்வரனிடம் சொன்ன வாக்கையும் நிறைவேற்றினார். துணைக்கு நானும் போனேன். ஒரு தேங்காயை உடைத்து, "மன்னிச்சுக்கப்பா" என்று சாமியிடம், தம் கீழ்நிலை ஊழியரிடம் பேசும் அதே தொனியில் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து இருவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். கோவிந்தன் இளைத்திருந்தார். முகத்தில் சதை குறைந்து கண் தெரிந்தது. தூக்கம் வருகிறது என்றார்.

"ஆடு கிடைச்சதா?" என்று கேட்டேன்.

"அத ஏன் சார் கேக்கறீங்க" என்றார் கோவிந்தன். "தெனம் தேடறமேன்னு ஊருல எல்லாரும் பாவப்பட்டு அவங்களும் தேட வந்துட்டாங்க. இல்லாத ஆட்டுக்கு அடையாளம் கேக்கறாங்க. கறுப்புன்னு நான் சொல்லிட்டேன். வெள்ளன்னு இவ சொல்லி வெச்சிருக்கா."

அஞ்சலை சிரித்தார். நான் கோவிந்தனைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டேன். என் விரலாலேயே அளந்தேன், அளவுகோலாலும் அளந்தேன். நான்கு விரல் ஈரல் இரண்டாகியிருந்தது. சந்தேகமே இல்லை, இந்த முறை உண்மையாகவே இறங்கியிருந்தது.

மருத்துவனாக நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, வாயைத் திறக்க அஞ்சி நின்றேன். ஈரல் இறங்கினால் அவர் குடித்திருக்கிறார் என்ற சட்டத்தை இதே வார்டில், இதே பெண்ணின் முன்னால் நாங்கள்தான் இயற்றியிருந்தோம். அதை எவரும் நீக்கவில்லை. வெல்லம் தின்ற ஈரலும், வெல்லத்தை விட்டு நடந்தால் இறங்கும் என்று விளக்க ஒரு வாக்கியத்தைக் கோக்கத் தொடங்கினேன். வழக்கம்போல் அது நீண்டுகொண்டே போனது.

"எத்தினி விரலு சார்?" என்று அஞ்சலை கேட்டார்.

"இரண்டு" என்றேன். "இறங்கியிருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம்…"

கோவிந்தன் சட்டைப் பொத்தானைப் பிடித்த கையோடு அப்படியே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"எறங்கட்டுமே சார்" என்றார் அஞ்சலை. "எறங்கனா இன்னா, ஏறனா இன்னா? அவரு குடிக்கல."

என் விளக்கத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. கோவிந்தன் பொத்தானை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா சொல்லு."

"அட, போய்யா" என்று அஞ்சலை பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.